எண்ணியல் பகுப்பாய்வுத் தாளைப் படிப்பது எப்படி: கால்குலேட்டரில் தொடங்கி அரியர் வரை

இரண்டாம் செமஸ்டர், முதல் இன்டர்னல். 3எக்ஸ் − கோசைன் எக்ஸ் − 1 = 0 என்ற சமன்பாட்டுக்கு நியூட்டன்–ராப்சன் முறையில் (ஒரு தோராய மதிப்பில் தொடங்கிச் சுற்றுச் சுற்றாகத் திருத்திக்கொண்டே போகும் முறை) மூலம், அதாவது சமன்பாட்டை நிறைவு செய்யும் எக்ஸ் மதிப்பு, காணச் சொல்லியிருந்தார்கள். எனக்கு 0.66664 வந்தது. மூன்றாவது சுற்றிலேயே எண் அசையாமல் நின்றுவிட்டதால் விடையைச் சுற்றிக் கட்டம் போட்டுவிட்டு நிம்மதியாக அடுத்த கேள்விக்குப் போனேன். வெளியே வந்ததும் தோழி சொன்ன விடை 0.6071. ரேடியனில் இருக்க வேண்டிய என் கால்குலேட்டர் டிகிரியில் இருந்திருக்கிறது. வாய்பாடு சரி, ஸ்டெப் சரி, கூட்டல் கழித்தல் சரி. நான் தீர்த்தது மட்டும் வேறொரு சமன்பாடு.

அன்று என்னை உறுத்தியது போன மதிப்பெண் அல்ல. எண் அசையாமல் நின்றால் அது சரியான எண் என்று நான் எதை வைத்து நம்பினேன்? நேரடியாகத் தீர்க்க வராத கணக்குகளுக்கு எண்களாகவே தோராய விடை காணும் இந்தப் பாடம் முழுவதும் அந்தக் கேள்வியைப் பற்றியதுதான் என்று புரிய எனக்குப் பல ஆண்டுகள் ஆயின. பிறகு முதுகலை படித்தபோது ஜூனியர்களுக்கு லேப் எடுத்தேன். "அக்கா, எல்லா ஸ்டெப்பும் சரியாத்தான் போட்டிருக்கேன், ஆன்சர் மட்டும் வரல" என்று வாரம் ஒருவராவது நோட்டோடு வந்து நிற்பார்கள். அவர்களோடு உட்கார்ந்து தேடியதில் கற்றதை எல்லாம் இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ரெகுலேஷனில் இது புள்ளியியலோடு சேர்ந்து வரும் தாள். முதல் இரண்டு யூனிட் புள்ளியியல். மூன்றாவதில் சமன்பாடுகளும் ஐகன் மதிப்புகளும், நான்காவதில் இடைச்செருகல் (தெரிந்த புள்ளிகளுக்கு நடுவே உள்ள மதிப்பைக் கணிப்பது), வகையிடல், தொகையிடல், ஐந்தாவதில் வகைக்கெழுச் சமன்பாடுகள். பி.எஸ்சி., எம்.எஸ்சி. கணிதம் படிப்பவர்களுக்குத் தனித் தாளாகவே வரும். பொறியியல் பாடத்திட்டத்தின் யூனிட் தலைப்புகளில் 'பிழை' என்ற சொல்லே இல்லை. நான் அங்கிருந்துதான் தொடங்கச் சொல்வேன்.

படி 1: முதல் வகுப்புக்கு முன்பே பிழையைப் படியுங்கள்

ஒரு மாலை போதும். பைத்தான் திறந்து 0.1-ஐ ஒரு லூப்பில் ஒவ்வொன்றாகப் பத்து முறை கூட்டச் சொல்லுங்கள். 1 வராது, 0.9999999999999999 வரும். மூன்றில் ஒரு பங்கைத் தசமத்தில் எழுதினால் 0.333 என்று முடிவில்லாமல் போவதுபோல, பத்தில் ஒரு பங்கை இரும எண்ணில் எழுதினால் முடிவில்லாமல் போகும். கணினி அதை 53 பிட்டில் வெட்டித்தான் வைத்துக்கொள்ள முடியும். இதுதான் ரவுண்டிங் பிழை.

வெட்டுவது சிறியதுதானே என்று தோன்றும். 1991 பிப்ரவரி 25 அன்று சவூதி அரேபியாவின் தஹ்ரான் நகரில் பேட்ரியாட் ஏவுகணைத் தடுப்பு அமைப்பு ஒன்று, வந்துகொண்டிருந்த ஸ்கட் ஏவுகணையை மறிக்கத் தவறியது. 28 அமெரிக்கப் படைவீரர்கள் இறந்தார்கள். அந்த அமைப்பு நேரத்தைப் பத்தில் ஒரு விநாடிகளாக எண்ணி, அதை விநாடியாக்க 24 பிட்டில் வெட்டப்பட்ட 0.1-ஆல் பெருக்கியது. ஏறத்தாழ 100 மணி நேரம் நிறுத்தாமல் ஓடியதில் அந்தத் துளிப் பிழை 0.34 விநாடியாகச் சேர்ந்திருந்தது. அவ்வளவு நேரத்தில் ஸ்கட் அரை கிலோமீட்டருக்கு மேல் பறந்துவிடும். ரவுண்டிங் பிழையை வகுப்பில் இரண்டே வரியில் கடந்து போகும்போதெல்லாம் இந்தச் சம்பவம் எனக்கு நினைவுக்கு வரும்.

இரண்டாவது வகை துண்டிப்புப் பிழை. ஒரு சார்பை முடிவில்லாத கூட்டலாக எழுதும் டெய்லர் தொடரை மூன்று உறுப்போடு நிறுத்துவதால் வருவது இது. கணினி எவ்வளவு நுட்பமாக இருந்தாலும் இது போகாது, ஏனென்றால் வெட்டியது நாம். இந்தப் பாடத்தில் எந்த முறையைப் படித்தாலும் இரண்டையும் தனித்தனியாகக் கேளுங்கள்: எண்ணை எங்கே வெட்டினோம், தொடரை எங்கே வெட்டினோம்?

இன்னொரு சோதனையும் செய்து பாருங்கள். 1-லிருந்து கோசைன் எக்ஸைக் கழித்து எக்ஸ் வர்க்கத்தால் வகுத்தால், எக்ஸ் சிறிதாகச் சிறிதாக விடை 0.5-ஐ நெருங்க வேண்டும். எக்ஸுக்கு 0.00000001 கொடுத்தால் பைத்தான் சுத்தமாக 0 என்று சொல்லும். ஏறத்தாழச் சமமான இரண்டு எண்களைக் கழிக்கும்போது பயனுள்ள இலக்கங்கள் அத்தனையும் அடிபட்டுப்போகின்றன. அதே கோவையைச் சைன் வைத்து மாற்றி எழுதினால் 0.5 கிடைக்கும். கணிதத்தில் சமமான இரண்டு வாய்பாடுகள் கணக்கிடும்போது சமமாக இருப்பதில்லை. பன்னிரண்டாம் வகுப்பு வரை யாரும் நமக்குச் சொல்லித்தராத செய்தி இது.

படி 2: கால்குலேட்டரைப் பழக்கிக்கொள்ளுங்கள்

செமஸ்டர் தொடக்கத்திலேயே ஒரு கால்குலேட்டரை முடிவு செய்துகொண்டு கடைசி வரை அதையே வைத்திருங்கள். பெரும்பாலோர் கையில் கேசியோ 991 வரிசைதான் இருக்கும். தேர்வு அறையில் மற்றவருடையதை வாங்கிப் போடும் நிலை வரக் கூடாது, பேட்டரியும் அதற்கு முன்பே மாற்றியிருக்க வேண்டும். சைன், கோசைன் வரும் எந்தக் கணக்கையும் தொடங்குமுன் திரையில் ரேடியன் குறி இருக்கிறதா என்று பாருங்கள். இன்னும் உறுதி வேண்டுமென்றால் கோசைன் 1 அடித்துப் பாருங்கள். 0.5403 வந்தால் ரேடியன். 0.9998 வந்தால் டிகிரி.

அடுத்தது 'ஆன்ஸ்' பொத்தான். தொடக்க மதிப்பை அடித்துச் சமக்குறி போடுங்கள். பிறகு நியூட்டன் வாய்பாட்டை எக்ஸ் வருமிடமெல்லாம் ஆன்ஸ் வைத்து ஒருமுறை முழுதாக அடியுங்கள். அதன்பின் சமக்குறியை அழுத்த அழுத்த அடுத்தடுத்த சுற்று வந்துகொண்டே இருக்கும். மேலே சொன்ன சமன்பாட்டுக்கு 0.6-இல் தொடங்கினால் 0.607108, அடுத்து 0.607102, பிறகு அசையாது. ஒவ்வொரு சுற்றையும் கையால் மறுபடி அடிப்பவர்களுக்கு 16 மார்க் கேள்வி ஒன்றுக்கு அரை மணி நேரம் போவதை நான் பார்த்திருக்கிறேன்.

நாலு தசமம் கேட்டால் இடையில் ஆறு தசமமாவது எழுதி, கடைசியில் மட்டும் ரவுண்டு செய்யுங்கள். இடையிலேயே நாலாக வெட்டிக்கொண்டு போனால் கடைசி இலக்கம் நம்பத் தகுந்ததாக இருக்காது.

படி 3: மூலம் காண்பதில் வேகத்தைக் கண்ணால் பாருங்கள்

இந்தப் பகுதியில் அவசரப்படாதீர்கள். பாடத்தின் உயிரே இங்கேதான் இருக்கிறது.

2-இன் வர்க்கமூலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இருசமக்கூறிடும் முறையில் 1-க்கும் 2-க்கும் நடுவே தொடங்கினால் ஒவ்வொரு சுற்றிலும் இடைவெளி பாதியாகும். ஆறு தசமத்துக்கு 20 சுற்று வேண்டும். நியூட்டன் முறையில் 1-இல் தொடங்குங்கள்: 1.5, 1.416667, 1.414216, 1.41421356. இரண்டாவது எண்ணில் பிழை 0.0025 அளவு, மூன்றாவதில் 0.000002 அளவு, நான்காவதில் கால்குலேட்டர் காட்டும் இலக்கங்களுக்கு அப்பால் போய்விடுகிறது. சரியான இலக்கங்களின் எண்ணிக்கை ஒவ்வொரு சுற்றிலும் ஏறத்தாழ இரட்டிக்கிறது. 'இருபடி ஒருங்குதல்' என்று இரண்டு மார்க்குக்கு மனப்பாடம் செய்யும் சொல் இதுதான். பிழைகளை ஒரு பத்தியில் கீழே கீழே எழுதிப் பார்த்தவர்களுக்கு அது மறக்காது.

இதே எண்களைப் பின்னமாக எழுதினால் 3/2, 17/12, 577/408. கடைசிப் பின்னம் பௌதாயன சுல்ப சூத்திரத்தில் வேள்விமேடை அளவுகளுக்காகத் தரப்பட்டிருக்கும் 2-இன் வர்க்கமூல மதிப்பேதான். அவர்கள் எந்த வழியில் அதை அடைந்திருந்தாலும், என் கால்குலேட்டரின் மூன்றாவது சுற்றில் அதே பின்னம் வந்து நின்றதைப் பார்த்த இரவில் எனக்குத் தூக்கம் வரவில்லை.

அடுத்து, நியூட்டன் தோற்கும் இடத்தையும் நீங்களே போட்டுப் பார்க்க வேண்டும். எக்ஸ் கனம் − 2எக்ஸ் + 2 = 0-க்கு 0-இல் தொடங்குங்கள். அடுத்தது 1. அதற்கடுத்தது மறுபடி 0. பிறகு 1. எத்தனை சுற்று போனாலும் இப்படியே ஆடிக்கொண்டிருக்கும். உண்மையான மூலம் −2-க்கும் −1-க்கும் நடுவே இருக்கிறது. ஆகவே எந்தக் கணக்கிலும் முதலில் சமன்பாட்டின் இடப்பக்க மதிப்பு கூட்டலிலிருந்து கழித்தலுக்குக் குறி மாறும் இடத்தைக் கண்டுபிடித்து எழுதுங்கள், அதற்குள்ளிருந்து தொடக்க மதிப்பை எடுங்கள். பலர் அந்த ஒரு வரியை எழுதாமல் விடுவார்கள். திருத்துபவர் அதைத் தேடுவார்.

முடித்ததும், கிடைத்த எண்ணை மூலச் சமன்பாட்டில் வைத்துப் பாருங்கள். அன்று நான் செய்யாதது அது. ஆனால் ஒன்று: கால்குலேட்டர் டிகிரியிலேயே இருந்தால் அந்தச் சோதனையும் பூஜ்யத்தைக் காட்டி உங்களை நம்ப வைக்கும். ரேடியன் குறியை முதலில் பார்க்கச் சொன்னது அதனால்தான்.

படி 4: அணிக் கணக்குகளில் ஒரு பத்தியைக் கூடுதலாகப் போடுங்கள்

மாறிகளை ஒவ்வொன்றாக நீக்கிச் சமன்பாடுகளைத் தீர்க்கும் காஸ் நீக்கல் முறையில் பெரும்பாலோர் தடுக்கி விழுவது குறிப் பிழையில்தான். இதற்கு ஒரு பழைய உத்தி இருக்கிறது. ஒவ்வொரு வரிசையின் எல்லா எண்களையும், வலப்பக்க எண்ணையும் சேர்த்து, கூட்டி, கடைசியில் ஒரு பத்தியாக எழுதுங்கள். வரிசைகளில் என்ன செய்கிறீர்களோ அதையே அந்தப் பத்திக்கும் செய்யுங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் புதிய வரிசையின் கூடுதல் அந்தப் பத்தியோடு ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகவில்லை என்றால் பிழை அந்த வரிசையிலேயே இருக்கிறது, பக்கம் முழுக்கத் தேட வேண்டாம். கணக்கிடும் நேரம் கொஞ்சம் கூடும், பயம் வெகுவாகக் குறையும்.

முன்னிலை உறுப்பை (பிவட், அதாவது நீக்கும்போது நாம் வகுக்கும் எண்) ஏன் பெரியதாகத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதற்கு ஒரு சிறிய கணக்கு: 0.0001எக்ஸ் + ஒய் = 1, எக்ஸ் + ஒய் = 2. உண்மை விடையில் இரண்டுமே ஏறத்தாழ 1. மூன்று இலக்கம் மட்டும் வைத்துக்கொண்டு, முதல் வரிசையால் அப்படியே நீக்கிப் பாருங்கள். ஒய் 1 என்று வரும், எக்ஸ் 0 என்று வரும். வரிசைகளை இடம் மாற்றிவிட்டுச் செய்தால் இரண்டும் 1. எந்த ஸ்டெப்பும் தவறில்லை, வரிசையின் ஒழுங்கு ஒன்றுதான் விடையைக் கெடுத்தது. "ஸ்டெப் எல்லாம் சரி, ஆன்சர் வரல" என்று வந்த ஒரு தம்பிக்கு நான் முதலில் இதைத்தான் போட்டுக் காட்டினேன். அவன் நோட்டை மூடிவிட்டு வீட்டுக்குப் போய் மறுபடி போட்டுப் பார்த்துவிட்டு மறுநாள் வந்தான்.

சுற்றுச் சுற்றாக விடையைத் திருத்தும் காஸ்–சைடல் முறையில், குறியை விட்டுவிட்டு அளவை மட்டும் பார்த்தால் மூலைவிட்ட உறுப்பு தன் வரிசையின் மற்ற உறுப்புகளின் கூட்டுத்தொகையைவிடப் பெரியதாக இருக்கும்படி சமன்பாடுகளை அடுக்கிவிட்டுத் தொடங்குங்கள். தேர்வில் வேண்டுமென்றே கலைத்துக் கொடுப்பார்கள். அந்த நிபந்தனை இருந்தால் ஒருங்குவது, அதாவது சுற்றுகள் விடையை நெருங்குவது, உறுதி. இல்லாவிட்டால் ஒருங்காது என்று பொருளல்ல. இரண்டு மார்க்கில் இந்த வேறுபாட்டைக் கேட்பார்கள். அடுக்கு முறையில் (பவர் மெத்தட்: ஒரு திசையனை அணியால் திரும்பத் திரும்பப் பெருக்குவது) ஐகன் மதிப்பு காண்பது சுலபம். ஒவ்வொரு சுற்றிலும் பெரிய உறுப்பை வெளியே எடுக்க மறக்காமல் இருந்தால் போதும்.

படி 5: வேறுபாட்டு அட்டவணையை அகலமாக எழுதுங்கள்

இடைச்செருகலுக்கு, அடுத்தடுத்த மதிப்புகளைக் கழித்து, அந்த வித்தியாசங்களையும் மறுபடி கழித்துப் பத்தி பத்தியாக எழுதுவதுதான் வேறுபாட்டு அட்டவணை. அதற்கு நோட்டைக் குறுக்காகத் திருப்பி வைத்துக்கொள்ளுங்கள். நெருக்கி எழுதிய அட்டவணையில் மேல் கீழ் மாறிக் கழிப்பதுதான் அடிக்கடி நடக்கும் தவறு.

ஒரு மதிப்பைத் தவறாக எழுதிவிட்டால் அந்தப் பிழை நான்காம் வேறுபாட்டுப் பத்தியில் 1, −4, 6, −4, 1 என்ற விகிதத்தில் பரவும். உயர் வேறுபாடுகள் அடங்காமல் குறி மாறி மாறித் துள்ளினால், பெரிதாகத் துள்ளும் இடத்துக்கு நேரே இடப்பக்கம் போய்ப் பாருங்கள். கணினி இல்லாத காலத்தில் மடக்கை அட்டவணை தயாரித்தவர்கள் இப்படித்தான் தங்கள் பிழைகளைப் பிடித்தார்கள்.

சம இடைவெளி இல்லையென்றால் நியூட்டனின் வகுத்த வேறுபாடு போதும். லக்ராஞ்சி முறை கேட்டால் மட்டும் லக்ராஞ்சி. புள்ளிகளைக் கூட்டிக்கொண்டே போனால் விடை மேலும் நெருங்கும் என்ற எண்ணம் எல்லோருக்கும் இருக்கும், எனக்கும் இருந்தது. கார்ல் ரூங்கே 1901-இலேயே அதை உடைத்தார். 1/(1 + 25 எக்ஸ் வர்க்கம்) என்ற சாதாரண வளைவை −1 முதல் 1 வரை சம இடைவெளியில் 11 புள்ளிகளில் எடுத்து, அவற்றின் வழியே போகும் பல்லுறுப்புக் கோவையை வரைந்து பாருங்கள். நடுவில் அழகாகப் பொருந்தும். ஓரங்களில் 1.9 அளவுக்கு விலகும், அசல் வளைவின் உச்சமே 1 தான். புள்ளிகளைக் கூட்டினால் இன்னும் மோசமாகும். ஓரங்களில் புள்ளிகளை நெருக்கமாக வைத்தால் சரியாகிவிடும். தேர்வில் கேட்க மாட்டார்கள், ஆனாலும் வரைந்து பாருங்கள்.

படி 6: தொகையிடல்

மதிப்பெண் சுலபமாக வரும் பகுதி இதுதான். சிம்ப்சன் 1/3-க்கு இடைவெளிகளின் எண்ணிக்கை இரட்டைப்படை, 3/8-க்கு மூன்றின் மடங்கு. புள்ளிகளை எண்ணாமல் இடைவெளிகளை எண்ணுங்கள்.

1/(1 + எக்ஸ் வர்க்கம்) என்பதை 0 முதல் 1 வரை தொகையிட்டால் பை (π) என்ற எண்ணில் நான்கில் ஒரு பங்கு, 0.785398. சரிவக விதியில் இரண்டு இடைவெளிக்கு 0.775, நான்குக்கு 0.782794. பிழை நான்கில் ஒரு பங்காகக் குறைந்திருக்கிறது. இடைவெளியைப் பாதியாக்கினால் பிழை கால்பங்கு என்று கோட்பாடு சொல்வது இதுதான். அதே நான்கு இடைவெளிக்குச் சிம்ப்சன் 0.785392 தருகிறது. அதே ஐந்து எண்கள், பெருக்கும் எடைகள் மட்டும் வேறு.

வகையிடலில் எதிர்மாறாக நடக்கும். இடைவெளியைக் குறைக்கக் குறைக்க ஓரளவு வரை விடை மேம்படும், அதற்குப் பிறகு கெடத் தொடங்கும். காரணம் முதல் படியில் பார்த்த கழித்தல்தான்.

படி 7: வகைக்கெழுச் சமன்பாடுகளில் படிநீளத்தைச் சந்தேகியுங்கள்

தொடக்க மதிப்பிலிருந்து சிறு சிறு படியாக முன்னேறித் தீர்வு காணும் நான்காம் வரிசை ரூங்கே–குட்டா எல்லோருக்கும் பிடித்த கேள்வி. ஒரு படி எக்ஸில் எவ்வளவு நகர்கிறது என்பதுதான் படிநீளம். நான்கு கே மதிப்புகளையும் ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எக்ஸ் எவ்வளவு, ஒய் எவ்வளவு என்று பக்கத்திலேயே குறித்துவிட்டுப் பிறகு வைத்துக் கணக்கிடுங்கள். நேரடியாகக் கால்குலேட்டரில் அடிப்பவர்கள் மூன்றாவது கே-யில் முதல் கே-யைப் பாதியாக்கி வைத்துவிடுகிறார்கள்.

மில்ன், ஆடம்ஸ் முறைகளுக்கு முன்கூட்டியே நான்கு மதிப்பு வேண்டும். தரவில்லை என்றால் டெய்லரிலோ ரூங்கே–குட்டாவிலோ நாமே கண்டுபிடிக்க வேண்டும், நேரம் பிடிக்கும்.

இங்கே ஒரு கணக்கை வகுப்புக்கு வெளியே போட்டுப் பாருங்கள். ஒய்யின் வகைக்கெழு −20 ஒய், தொடக்கத்தில் ஒய் 1. உண்மைத் தீர்வு விறுவிறுவென்று பூஜ்யத்துக்கு இறங்கும். ஆய்லர் முறையில் படிநீளம் 0.15 வைத்தால் 1, −2, 4, −8, 16 என்று ஏறும். ஆய்லர் மட்டமான முறை, ரூங்கே–குட்டா வைத்தால் சரியாகும் என்று நினைப்போம். அதே படிநீளத்தில் அதுவும் ஒவ்வொரு படியிலும் 1.375 மடங்கு பெருகும். முறையின் வரிசை உயர்ந்தது என்பதால் மட்டும் விடை நிலையாக நிற்காது, படிநீளமும் அதற்கேற்ப இருக்க வேண்டும். முதுகலையில் வெப்பப் பரவல் கணக்கு ஒன்றில் எண்கள் கோடிகளுக்குப் போய் நிற்க, இரண்டு வாரம் என் நிரலில் பிழை தேடினேன். நிரல் சரியாகத்தான் இருந்தது, நேரப் படிதான் பெரிது.

படி 8: ஒவ்வொரு முறையையும் ஒருமுறை நிரலாக எழுதுங்கள்

பைத்தானோ ஆக்டேவோ சைலாபோ, எதுவாக இருந்தாலும் சரி. முதலில் கையால் மூன்று சுற்று போடுங்கள், பிறகு நிரல் எழுதி அந்த மூன்று எண்ணும் வருகிறதா என்று ஒப்பிடுங்கள். இரண்டு பழக்கங்களைத் தொடக்கத்திலேயே ஏற்படுத்திக்கொள்ளுங்கள். எத்தனை சுற்றுக்கு மேல் போகக் கூடாது என்று எப்போதும் வரம்பு வையுங்கள், இல்லாவிட்டால் மூன்றாம் படியில் பார்த்த 0, 1, 0, 1 உங்கள் கணினியில் விடிய விடிய ஓடும். இரண்டு தசம எண்கள் சமமா என்று நேரடியாகக் கேட்காதீர்கள், அவற்றின் வித்தியாசம் போதுமான அளவு சிறியதா என்று கேளுங்கள்.

படி 9: தேர்வுக்கும் அரியருக்கும்

அரியர் வைத்திருப்பவர்கள் பலர் முதல் பக்கத்திலிருந்து மறுபடி தொடங்கி, மூன்றாம் யூனிட்டுக்குள்ளேயே களைத்துவிடுகிறார்கள். நான் சொல்லும் வரிசை இது: தொகையிடல், ரூங்கே–குட்டா, நியூட்டன்–ராப்சன், காஸ்–சைடல், வகுத்த வேறுபாடு. ஐந்தையும் இரண்டு வாரத்தில் முடிக்கலாம். நாளுக்கு இரண்டு கணக்கு, அட்டவணையோடு முழுதாக, விடையைப் பார்க்காமல். விடை ஒத்துப்போகவில்லை என்றால் அழித்துவிட்டுப் புதிதாகப் போடாதீர்கள். எந்த வரியில் பிரிந்தது என்று சிவப்பு மையில் குறித்துவையுங்கள். பத்து கணக்கு போனதும் அந்தக் குறிப்புகளைச் சேர்த்துப் பாருங்கள். ஒருவருக்குக் குறி, ஒருவருக்கு ரேடியன், ஒருவருக்கு எண்ணை மாற்றி எழுதுவது என்று, ஒவ்வொருவருக்கும் திரும்பத் திரும்ப வரும் பிழை ஒன்றோ இரண்டோதான் இருக்கும்.

உங்களுடையது எது என்று தெரிந்ததும் அதை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கால்குலேட்டர் மூடியின் உட்புறம் ஒட்டி வையுங்கள், படிக்கும் நாட்களில் மட்டும். தேர்வு நாள் காலையில் அதை உரித்து எடுத்துவிட்டு உள்ளே போங்கள்.